வரப்பு வாழை தள்ளிய வாள்குலை

தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், இனி அவசரம் எதற்கு என்பது போல அகன்று படுத்துக் கிடக்கும் இடத்தில் நெட்டைக்காயல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் தங்கபுஷ்பத்தின் வயலுக்கும் அவள் தம்பி லிங்கத்துரையின் வயலுக்கும் நடுவே ஓடுகிற வரப்பின்மேல், யாரும் நடாமல் தானாக முளைத்துத் தானாக வளர்ந்த வாழை ஒன்று ஆனி மாதத்தில் பூத் தள்ளியது. பூவின் முதல் மடல் விரிந்தபோது உள்ளே காய்களுக்குப் பதிலாக வாள்கள் இருந்தன. சுண்டுவிரல் நீளத்தில், பச்சை நிறத்தில், காம்பு இருக்க வேண்டிய இடத்தில் பிடியும் பிடியின் முனையில் சின்ன உருண்டையும், மறுமுனையில் இரண்டு பக்கமும் கூர் தீட்டியதுபோல இறங்கிவந்து சேரும் நுனியும், அந்த நுனியில் எல்லா வாழைப்பிஞ்சுக்கும் இருப்பதுபோல ஒரு சின்ன மஞ்சள் பூவுமாக, ஒரு சீப்பு நிறைய வாள்கள்.

தங்கபுஷ்பம் முதலில் அதை நோய் என்றுதான் நினைத்தாள். இலைக்கருகல் தெரியும், வாடல் தெரியும், முடிக்கொத்து நோய் வந்து ஒரு தோட்டமே குட்டையாகிப் போனதையும் பார்த்திருக்கிறாள். இது என்ன புது வியாதியோ என்று வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக் குலை முழுக்கத் தெளித்தாள். மறுநாள் காலையில் இரண்டாவது மடல் விரிந்து, இன்னொரு சீப்பு வாள்கள் வேப்பெண்ணெய் மினுக்கத்தோடு வெளியே வந்திருந்தன. இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, காய்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்ட. காய்ச்சுத் தொலை" என்று சொல்லிவிட்டு மடை மாற்றப் போனாள்.

வாழையோடு பேசுவது அவளுக்குப் பழக்கம்தான். சொல்லப்போனால் அந்த இரண்டு வயலிலும் பல வருஷமாக வாழைகளோடுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பத்தின் மகள் கல்யாணத்தன்று, பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டிய தாய்மாமன் லிங்கத்துரை, புது வேட்டியும் பட்டுத் துண்டுமாக மண்டபத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றான், அக்கா வந்து ஒரு வார்த்தை 'வா தம்பி' என்று கூப்பிடட்டும் என்று. தங்கபுஷ்பம் உள்ளே நின்று வாசலையே பார்த்தாள், இது அவன் வீட்டுக் கல்யாணம், அவனைப் போய்க் கூப்பிடுவார்களா, தானாக வருவான் என்று. நல்ல நேரம் இவர்கள் இருவருக்காகவும் காத்திருக்கவில்லை. வேறு யாரோ ஒரு மாமன் முறைக்காரர் பெண்ணை அழைத்துவந்தார். லிங்கத்துரை சாப்பிடாமல் போய்விட்டான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. பிறகு தங்கபுஷ்பத்தின் புருஷன் இறந்தபோது லிங்கத்துரை வந்தான், கூட்டத்தின் ஓரமாக நின்றான், ஆற்றில் குளித்துவிட்டுப் பேசாமலே போனான்.

ஆனால் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களுக்குள் சொல்ல வேண்டிய சங்கதிகள் தினமும் இருக்குமே. அதனால் லிங்கத்துரை தன் வாழையைப் பார்த்து, "ஏ வாழை, மேல மடையில தண்ணி தொறந்தாச்சாம், கேக்க வேண்டியவங்க கேட்டுக்கிடட்டும்" என்பான். தங்கபுஷ்பம் தன் வாழையிடம், "ஏ வாழை, கிழக்க வேலி பிரிஞ்சு கெடக்கு, பன்னி எறங்கினா எல்லாருக்கும்தான் நட்டம்" என்பாள். வாழைகள் ஒன்றும் சொல்லாது. தண்ணீர் நேரத்துக்குப் பாயும், வேலி அடைபடும், ஒரு காரியமும் கெட்டதில்லை.

வாள்களை லிங்கத்துரை பார்த்தது அன்று சாயங்காலம். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு குலையைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"இந்தா பாரு வாழை, நீ அந்தப் பக்கத்துக் கட்டையில இருந்து ஓடிவந்த கன்னு. ஆனா எம் பக்கமா சாயுத. யாருக்குச் சொந்தம்னு நான் கேக்கல. பாரம் கூடும், முட்டுக் குடுக்கணும்னு மட்டும் சொல்லுதேன்" என்றான். மறுநாள் விடிந்தபோது வரப்பின் அந்தப் பக்கம் ஒரு கவைக்கம்பு ஊன்றியிருந்தது. தங்கபுஷ்பம் இந்தப் பக்கம் ஒன்றை ஊன்றினாள். அந்தக் கம்பை எடுத்தால் மரம் அந்தப் பக்கம் விழும், இந்தக் கம்பை எடுத்தால் இந்தப் பக்கம் விழும், அப்படி நின்றது வாழை.

அருமைநாயகத்தின் டீக்கடைக்குச் செய்தி போனதும் ஊர் வந்தது. ஆற்றில் குளித்த ஈரத் துணியோடு வந்தார்கள், பாதிச் சவரத்தில் வந்தார்கள், இடுப்புப் பிள்ளையோடு வந்தார்கள். வந்து பார்த்து, காய் நல்ல திடமாக இருக்கிறது, சாம்பல் கொஞ்சம் போட்டால் இன்னும் திரளும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விவசாய ஆபீஸிலிருந்து வந்த பெண் இலையைத் தடவிப் பார்த்து, மண்ணில் இரும்புச்சத்து கூடுதல் என்றாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற எஸ்தர் டீச்சர்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குலையின் அடியில் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நம்மூரு வாள் இல்ல. ரோமாபுரிப் படைக்காரன் இடுப்புல கட்டின குறுவாள். வலது பக்கம் தொங்கவிட்டிருப்பான். முத்து வாங்க கொற்கைக்குக் கப்பல்ல வந்தவங்களுக்குக் காவலா வந்திருப்பாங்க, யவனருன்னு நாம சொன்னோமே அவங்க."

"ரோமாபுரின்னா பெரிய ராச்சியம்லா டீச்சர்? வாள மட்டும் ஏன் இவ்வளவு குட்டையா வச்சிருந்தான்?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"வீசுறதுக்குச் செஞ்ச வாள் இல்ல அண்ணாச்சி. கேடயத்தோட கேடயம் இடிக்கிற நெருக்கத்துல நின்னு குத்துறதுக்கு. நீளமா இருந்தா அந்த நெருக்கத்துல கைய மடக்க முடியாது."

ஊர் அதை யோசித்துப் பார்த்தது. அவ்வளவு கிட்டத்தில் போய்ச் சண்டை போடுவதென்றால் எதிராளியின் வாய் வாடைகூடத் தெரியுமே, அது என்ன சண்டை என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்தது. விரல் நீளமாக இருந்தவை சாண் நீளமாயின, சாண் நீளம் முழம் ஆயிற்று, பச்சை கறுத்து இரும்பு நிறம் ஏறிற்று. மற்ற வாழைக்காய்களுக்கு விளைய விளைய விலாபோல எழுந்த விளிம்பு மறைந்து உருண்டை தட்டும். இவற்றுக்கு விலா ஏறி ஏறிக் கூர்மை ஆனது. மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் வாளோடு வாள் உரசிக் குலை முழுவதும் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. முதல் இரண்டு நாள் மாடுகள் மிரண்டன. அப்புறம் அந்தச் சத்தத்துக்குப் பால் நன்றாகச் சுரக்கிறது என்று கறக்கிறவர்கள் சொன்னார்கள். தூங்காத பிள்ளைகளைத் தாய்மார்கள் மதியத்தில் வரப்புக்குத் தூக்கிவந்து, முந்தானையை விரித்துப் போட்டு உறங்கவைத்தார்கள். காற்று நின்று சத்தம் ஓய்ந்தால் பிள்ளைகள் ஒன்றுபோல விழித்து அழுதன.

போலீஸும் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வரப்பில் தடுமாறி நடந்துவந்தார்.

"யாரும்மா இதுக்குப் பொறுப்பு? லைசென்ஸ் இல்லாம இத்தனை வாள் வச்சிருக்கக் கூடாது."

"நான் வைக்கல சார். அதுவாக் காய்க்குது" என்றாள் தங்கபுஷ்பம்.

இன்ஸ்பெக்டர் குலையை அண்ணாந்து பார்த்தார். அவரும் வாழை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைதான். "மரத்துல இருக்குற வரைக்கும் காய். வெட்டி எறக்கினா ஆயுதம்" என்று ஒரு முடிவுக்கு வந்தார். "வெட்டுற அன்னைக்கு எனக்குச் சொல்லிவிடுங்க. ஆள் படையோட வாரேன்."

இதெல்லாம் தங்கபுஷ்பத்தைத் தொந்தரவு செய்யவில்லை. அவளைக் குத்தியது வேறு ஒன்று. ஆற்றில் துணி துவைக்கும்போது படித்துறையில் இரண்டு பெண்கள் அவள் இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காளும் தம்பியும் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்த வன்மம் மண்ணில் இறங்கித்தானே அந்த வாழை வாளாகக் காய்க்கிறது, வேறு யார் வரப்பிலாவது காய்த்ததா என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள், ஆமாம், லிங்கத்துரை மகனுக்குத் தை மாதம் கல்யாணமாம், அத்தைக்காரிக்குப் பத்திரிகை வைக்கப் போவதில்லையாம் என்றாள். தங்கபுஷ்பம் துணியைப் பிழியாமலே வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வன்மம் என்று சொன்னவள் பொய் சொல்லவில்லையோ என்ற பயம் அவளுக்கு. லிங்கம் பிறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவனைத் தூக்கித் தூக்கியே இடது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்துபோனவள் அவள். அவன்மேல் இப்படி இரும்பாகக் காய்க்கிற அளவுக்கா உள்ளே எதையோ வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். வாழையின் தூரில் ஒரு கொத்துப் போட்டாள். இரண்டாவது கொத்துக்கு ஓங்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏ வாழை, குலை தள்ளி நிக்கிறவள யாராவது வெட்டுவாங்களா? நீ என்ன பாவம் செஞ்ச?"

தங்கபுஷ்பம் மண்வெட்டியை இறக்கவில்லை. "ஏ வாழை, ஊரு என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியாது. நீ எங்க ரெண்டு பேரு பொல்லாப்புல வெளைஞ்சதாம்."

லிங்கத்துரை ஒரு இலையைக் கிழித்து, அதை இன்னும் சின்னதாகக் கிழித்து, கீழே போட்டான்.

"ஏ வாழை, அப்படியே இருந்தாலும் இருக்கட்டும். உள்ளயே கெடந்து அழுகுறதுக்கு வெளிய காய்ச்சு விழுறது நல்லதுதான்" என்றான்.

தங்கபுஷ்பம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

ஆவணி முடியும் சமயத்தில் சத்தம் மாறியது. கிணுகிணு என்பது போய், சுண்டினால் கோயில் மணிபோல நின்று ஒலித்தது. நுனியில் இருந்த பூக்கள் காய்ந்து உதிர்ந்தன. விளைந்துவிட்டது என்று சொல்ல யாரும் தேவையில்லை. இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஒரு வேன் போலீஸோடு வந்தார். ஊர் இரண்டு வயலிலும் நிரம்பி நின்றது.

அருமைநாயகம் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அரிவாளை ஓங்கிக் குலைத்தண்டில் ஒரு போடு போட்டார். அரிவாளின் வாய் வெற்றிலைபோல மடங்கிவிட்டது. இன்னொரு அரிவாள் வந்தது, அதுவும் மடங்கிற்று. கோடாரி வந்தது, காம்பு முறிந்தது. எஸ்தர் டீச்சர் பின்னாலிருந்து, "அதுலயே ஒண்ணப் பறிச்சு வெட்டிப் பாருங்களேன்" என்றார். அடிச்சீப்பில் ஒரு வாளைப் பிடித்துத் திருகினார்கள். வாழைக்காய் கழலுவதுபோல 'டப்'பென்று கழன்று, முறிந்த இடத்தில் கறை சொட்டச் சொட்ட வந்தது. தண்டில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தபோது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று.

ஆனால் குலையை வெட்டுவது ஒருவர் வேலை இல்லை. ஒருவர் வெட்ட வேண்டும், ஒருவர் கீழே நின்று தோளில் வாங்க வேண்டும். இந்தக் குலையின் கீழே, நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த அத்தனை முனைகளுக்கு அடியில், தோள் கொடுக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோல் பரப்பி அதில் விழவிடலாம் என்று ஒருவர் சொன்னார். விழுந்தால் நாலு திசையும் தெறிக்கும் என்று இன்னொருவர் சொன்னார்.

லிங்கத்துரை துண்டை மடித்துத் தோளில் சும்மாடாக வைத்துக்கொண்டு வரப்பில் ஏறினான்.

"ஏ வாழை, நான் தோள் தாரேன். வெட்டுறவங்க கை நடுங்காம இருக்கணும். அது யாரு கைன்னு நான் சொல்லணுமா?"

கூட்டம் தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தது. அவள் அருமைநாயகத்தின் கையிலிருந்து அந்தக் குறுவாளை வாங்கினாள். பிடி அவள் விரல்களுக்கு என்றே பள்ளம் விழுந்ததுபோலப் பொருந்தியது. வரப்பில் ஏறித் தூரத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. ஓர் அடி வைத்தாள், எட்டவில்லை. முழ நீளம்தானே வாள். கடைசியில் லிங்கத்துரையின் நெஞ்சுக்கு முன்னால், அவன் மூச்சு நெற்றியில் படுகிற இடத்தில் போய் நின்ற பிறகுதான் அவன் தலைக்கு மேலிருந்த தண்டுக்குக் கை போயிற்று.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் தம்பியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நடமாடிய உருவத்தைத்தான் பார்த்திருந்தாள். அவன் காதில் முடி நரைத்திருந்தது. ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது, யார் வீட்டில் எதைக் கடித்தபோது விழுந்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான், இமை துடித்தது. கழுத்தில் ஒரு நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த இரும்புக்கும் அந்த நரம்புக்கும் நடுவில் நாலு விரல்கடைதான்.

"ஏல லிங்கம்" என்றாள். வாழையைப் பார்த்து அல்ல. "கண்ணத் தொற."

"தொறந்தா நீ அழுவக்கா."

"அழுதா அழுதுட்டுப் போறேன். பயந்து நிக்கிற புள்ளய வச்சுக்கிட்டு எனக்கு வெட்ட வராது. தொறலே."

அவன் திறந்தான். அவள் அழுதாள். அழுதுகொண்டே கையை உயர்த்தி, ஒரே இழுப்பில் தண்டை அறுத்தாள்.

குலை இறங்கியது. இறங்கி அவன் தோளில் உட்கார்ந்தபோது, அதுவரை நாலு திசையும் நீட்டிக்கொண்டிருந்த வாள்களெல்லாம், காற்றுக்குச் சாயும் நாற்றுப்போல, அவன் கழுத்தை விட்டு விலகி ஒருபக்கமாகப் படிந்துகொண்டன. அவன் மேனியில் ஒரு கீறல் இல்லை. கறை மட்டும் முதுகெல்லாம் வழிந்தது.

"கனக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லாம என்ன? முன்னாடிப் பிடி" என்றான்.

அக்காளும் தம்பியுமாகத் தூக்கி வைக்கோலில் இறக்கினார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு வாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியிலிருந்து வடிந்த கறை காக்கிச் சட்டையில் சொட்டிப் பரவியது. சலவைக்குப் போட்டாலும் போகாத கறை அது. அவர் சட்டையைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், வேன் நிறைய வந்த போலீஸைப் பார்த்தார்.

"கறை வடியிற சாமான் எப்படி ஆயுதம் ஆகும்? விளைஞ்ச பண்டம்தான்" என்று சொல்லிவிட்டு, பலாப்பழம் வெட்ட அம்மாவுக்கு ஆகும் என்று அந்த ஒன்றை மட்டும் கையோடு கொண்டுபோனார்.

மிச்சத்தை ஊர் பங்கு வைத்துக்கொண்டது. ஒரு வாரம் நெட்டைக்காயலில் ஆளுக்கொரு குறுவாள். மீன் ஆய்ந்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், கருப்பட்டி நொறுக்கினார்கள். ஆண்களும் பெண்களும் வலது இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள், எஸ்தர் டீச்சர் சொன்ன பக்கம் என்பதால். அந்த ஒரு வாரம் ஊரில் மரியாதை ஏறிப்போயிற்று. குழாயடியில் வாளியை இடித்தவள் மன்னிப்புக் கேட்டாள். டீக்கடையில் சீட்டாடித் தோற்றவர்கள் எதிராளியை 'நீங்க' என்றார்கள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அருமைநாயகத்தின் கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர், டீக்குச் சொல்லிவிட்டு, கம்பியில் தொங்கிய வாழைப்பழங்களோடு தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்க்காமலே பிய்த்து, உரித்து, பாதி தின்றபிறகு, "பழம் நல்லாருக்கே அண்ணாச்சி, என்ன ரகம்?" என்று கேட்டார். அருமைநாயகம் எட்டிப் பார்த்தார். டிரைவர் கையில் பாதிக் குறுவாள் இருந்தது. இரும்பு நிறம் பழுத்து மஞ்சளாகி, கரும்புள்ளி விழுந்திருந்தது.

ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடிப் பார்த்தது. எல்லா வாளும் பழுத்திருந்தது. உரித்தால் உள்ளே சந்தன நிறம். முதல் கடிக்குக் கடல்காற்றின் உப்பு, அடுத்து நாக்கில் கொஞ்சம் துரு வாடை, அதற்கப்புறம் வந்த இனிப்பை நெட்டைக்காயல்காரர்கள் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாமல் கையை விரிக்கிறார்கள். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. எஸ்தர் டீச்சர் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு என்று கண்ணாடிப் பெட்டியில் ஒன்றை வைத்துப் பூட்டினார். அது அழுகிச் சின்ன ஈ மொய்த்து, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சரித்திரம் படித்தார்கள். மியூசியத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்களுக்குத் தோல்தான் கிடைத்தது.

மார்கழி கடைசியில் ஒரு காலைநேரம், தங்கபுஷ்பம் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது லிங்கத்துரையும் அவன் மனைவி செல்வக்கனியும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூவன்பழம், நடுவில் பத்திரிகை.

"யக்கா" என்றான். சொல்ல மனப்பாடம் செய்துவந்தது மறந்துபோய்விட்டது. "நான் கூப்பிட்டுத்தான் நீ வரணும்னு இல்ல. இருந்தாலும் கூப்பிட வந்திருக்கேன்."

"கூப்பிடாட்டியும் வந்திருப்பேன்" என்றாள் அவள். "வந்து உன் சட்டையப் பிடிச்சிருப்பேன். உள்ள வாங்க. என்னல நிக்கிற, காப்பி ஆறிப்போவும்."

"நீ இன்னும் போடவே இல்லையேக்கா."

"போட்டா ஆறாதா?"

செல்வக்கனி சிரித்துவிட்டாள். அன்று மத்தியானம்வரை அந்த வீட்டில் சத்தமாக இருந்தது. பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் தம்பி மாமனார் பெயரைப் போட்டிருக்க வேண்டும், முன்னால் போட்டது தப்பு என்று அவளும், அப்படித்தான் போடுவேன் என்று அவனும் நேருக்கு நேராக, வாழைகளை நடுவில் இழுக்காமல், சண்டை போட்டார்கள்.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. அத்தை ஆரத்தி எடுத்தாள், அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்தாள், யார் எங்கே நிற்க வேண்டும் என்று அத்தை எல்லாரையும் அதட்டினாள். தாலி கட்டி முடிந்து, நாதஸ்வரம் சினிமாப் பாட்டுக்கு மாறி, முதல் பந்திக்கு இலை போட்டபோது, நாலு நாளாகத் தூங்காத லிங்கத்துரை அவள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "ரெண்டு நிமிசம்க்கா" என்று சொல்லித் தலையைச் சாய்த்தான். சாய்த்த இடத்தில் அவள் தோள் இருந்தது. உடனே குறட்டை. செல்வக்கனி வந்து, "மயினி, சாப்பிட வாங்க, அவுகள எழுப்பிவிடுங்க" என்றாள். தங்கபுஷ்பம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இரண்டாம் பந்தி போயிற்று, மூன்றாம் பந்தியும் எழுந்தது, பாயசம் தீர்ந்துவிட்டது என்று சமையல்கட்டிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். அவள் மரத்துப்போன தோளை அசைக்காமல், மறு கையால் விசிறியை எடுத்து, அவன் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.